புதன்கிழமைகளில் இலவசம்

என் மேல்வரிசைப் பற்களில் இரண்டு என்னுடையவை அல்ல, மருத்துவர் வைத்தவை. அவை எப்படிப் போயின என்று கேட்பவர்களிடம், கடையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவந்தேன். அது பொய்.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கிளைத் தெருவில் என் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு நான்தான் நடத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிளமெண்டியில் வீடு, காலையில் முதல் ரயிலில் கடைக்கு வந்துவிடுவேன்.

கொரோனாக் கட்டுப்பாடுகள் தளர்ந்த சமயத்தில் ஒரு காலை, சமையலறையில் கேஸ் குழாய் பிய்த்துக்கொண்டது. நெருப்பைக் கக்கியபடி தரையில் துள்ளித் துள்ளி அடித்தது அந்தக் குழாய். அதை மிதித்து அணைக்கப் பார்த்தேன். மடத்தனம். இடது கையில் முழங்கை வரை தோல் வழன்று தொங்கியது. என் தலைமுடி எரிகிற வாடையை நானே முகர்ந்தேன். புகைக்குள்ளிருந்து வந்த ஒரு தீயணைப்பாளர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் பின்சந்தில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். முகமூடி போட்டிருந்ததால் அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஆளைத் தெரியாததால் யாருக்கு நன்றி சொல்வது என்று புரியவில்லை. கடையைச் சீர்செய்து திறந்தபோது வாசலில் ஒரு பலகை மாட்டினேன். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ், ராணுவம், எந்தச் சீருடையில் வந்தாலும் புதன்கிழமை மதியம் இலைச் சாப்பாடு இலவசம். அதைப் பார்த்துப் பக்கத்து ஜூஸ் கடைக்காரரும் இதேபோல ஒரு அட்டை எழுதி ஒட்டினார். முனையிலிருந்த பிரியாணிக் கடையும் சேர்ந்துகொண்டது.

புதன்கிழமைகளில் கடைக்கு ஒரு தனிச் சத்தம் வந்தது. வாக்கிடாக்கி கரகரக்கும். சாதத்தில் கை வைத்தவுடன் அழைப்பு வந்து எழுந்து ஓடுவார்கள். பின்பக்கக் குழாயடியில் காலணியைக் கழுவிவிட்டு உட்காருவார்கள். சில நாள் அந்தத் தண்ணீர் சிவப்பாக ஓடும். தவறாமல் வருகிற ஆம்புலன்ஸ் ஜோடி ஒன்று இருந்தது. ஒருத்தி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூட வருபவர் ஆறடி உயர மலாய்க்காரர். ஒருநாள் அவள் புருவத்தில் தையலோடு வந்தாள். குடிபோதையில் விழுந்து கிடந்தவனைத் தூக்கப் போனபோது அவனே பாட்டிலால் அடித்தானாம்.

"வலிக்குதாம்மா?"

"சிரிச்சாதான் வலிக்குது ஆன்ட்டி. ரசம் கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஊத்துங்க."

என் சமையலறையில் அப்போது ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திருச்சிப் பக்கத்தில் இருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். அவள் கணவன் சிங்கப்பூர்க்காரன், என் பங்குத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிற ஆள். திருப்பலி முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவான். வயதானவர்களைக் கைபிடித்துப் படியிறக்குவான். அவனும் சீருடை போடுகிற வேலைதான் பார்த்தான். எந்தச் சீருடை என்று எழுதப் போவதில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் என் கடையில் சாப்பிடுகிறார்கள். "வீட்டுல தனியா இருக்கா, உங்ககிட்ட வேல இருந்தா குடுங்கக்கா" என்று அவன் கேட்டபோது சந்தோஷமாகவே சேர்த்துக்கொண்டேன். அவள் என்னிடம் வேலை பார்த்த எட்டு மாதமும் அவனை "வாங்க தம்பி" என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு எழுதும்போது 'அவன்' என்றுதான் வருகிறது.

அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே பார்த்துவிட்டேன். மீனைக் கழுவக் கையைத் தூக்கினாள். தோளுக்குக் கீழே நான்கு விரல் தடம், ஊதா நிறத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக.

"என்னம்மா இது?"

"பஸ்ஸுல கம்பியில இடிச்சுக்கிட்டேன்க்கா."

கம்பிக்கு விரல் கிடையாது. அது எனக்குத் தெரியாதா? மறுநாள் அவளுக்கு முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கிக்கொடுத்தேன். எண்ணெய் தெறிக்காமல் இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். சாப்பிட வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதுதான் உண்மையான காரணம்.

அதற்குப் பிறகு உதடு கிழிந்து வந்தாள். காதுக்குப் பின்னால் முடி ஒரு கொத்து பிடுங்கப்பட்டு அந்த இடம் சொட்டையாக இருந்தது. ஒருநாள் குனியவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தடவையும் கேட்டேன், அவள் ஏதாவது சொல்வாள், அதோடு விட்டுவிடுவேன். அவள் இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க அவன் கையெழுத்து வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், புருஷன் பொண்டாட்டிக்குள் நாம் ஏன் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமைதோறும் அவன் சாப்பிட வந்தான். உட்கார்ந்ததும் சிலுவை போட்டுக்கொள்வான். "அக்கா கை மணமே மணம்" என்பான். சமைத்தது அவன் மனைவி. நான் அவனோடு நின்று படம் எடுத்து, பெரிதாக்கி, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். நம் கோயில் பிள்ளை என்று பெருமை.

என் பல் போன புதன்கிழமைக்கு முந்தைய வாரம் நடந்த ஒன்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆம்புலன்ஸ் பெண் கை கழுவப் பின்பக்கம் போயிருக்கிறாள். அங்கே என் வேலைக்காரப் பெண் சட்டைக்கையை மடித்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் உதவிக்குக் கூப்பிடுகிற எண் போட்ட அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்து மூடிவிட்டு வந்துவிட்டாள். நான் எட்டு மாதமாகச் செய்யாததைச் செய்ய அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அட்டையைப் புதன்கிழமை காலை அவன் அவள் கைப்பையில் கண்டுபிடித்திருக்கிறான்.

மதியம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். இரண்டு மேசை தள்ளி ஆம்புலன்ஸ் ஜோடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு அவளே பரிமாறட்டும்க்கா" என்றான்.

அவள் மீன் குழம்பைக் கொண்டுவந்தாள். ஊற்றக் குனிந்தபோது அவளுடைய இடது கையைப் பிடித்து மேசைக்குக் கீழே கொண்டுபோனான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "குழம்பு சூப்பர்க்கா, புளி கரெக்டா இருக்கு" என்றான். அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவன் தோள் மெல்ல அசைந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தண்ணீர் ஜாடியை எடுக்கத் திரும்பிக்கொண்டேன். அவளுடைய சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஒடிந்தது அந்த நேரத்தில்தான் என்று பிறகு எக்ஸ்ரே எடுத்தபோது தெரிந்தது.

அவள் சமையலறைக்குள் ஓடினாள். அவன் நிதானமாக எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஒரு நிமிஷம் கழித்து உள்ளே ஏதோ மோதுகிற சத்தம் கேட்டது. அரிசி மூட்டை விழுந்ததாக நினைக்கப் பார்த்தேன். இரண்டாவது தடவை கேட்டதும் போனேன்.

அவள் கூந்தலைக் கைமுட்டியில் சுற்றிக்கொண்டு அவள் முகத்தை எஃகு மேசையில் மோதிக்கொண்டிருந்தான். நறுக்கி வைத்த வெங்காயமெல்லாம் ரத்தம். "யாரு குடுத்தா? சொல்லுடி, யாரு குடுத்தா?" என்று ஒவ்வொரு மோதலுக்கும் கேட்டான். கத்தவே இல்லை, சாதாரணக் குரல்.

"தம்பி, விடுங்க!"

என்னைத் திரும்பிப் பார்த்தான். "இது எங்க வீட்டு விஷயம்க்கா. நீங்க வெளிய போய் கஸ்டமர பாருங்க" என்றான், அத்தனை மரியாதையாக. பிறகு அவள் வலது கையைப் பிடித்துக் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் வைத்து அழுத்தினான். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

சாம்பார் அண்டாவுக்குள் முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கரண்டி நின்றது. இரண்டு கையாலும் பிடித்து உருவி அவன் காதோடு சேர்த்து அடித்தேன். அவளை விட்டான்; ஆனால் விழவில்லை. திரும்பி என் வாயில் குத்தினான். நாக்கில் சின்னச் சின்னக் கற்கள் மாதிரி ஏதோ உருண்டன. விழுந்தேன். விலாவில் உதைத்தான். மூச்சு வரவில்லை. படுத்தபடியே கரண்டியை வீசினேன், முழங்காலில் பட்டது. குனிந்தான். மறுபடி தோளில் அடித்தேன்.

அதற்குள் மலாய்க்காரர் உள்ளே பாய்ந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அவன் இரண்டு கையும் அடங்கிவிட்டன. சண்டை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் எழுந்தேன். அவன் முகம் எனக்கு நேராக, அசையாமல் இருந்தது. ஓங்கி மூக்கில் அடித்தேன். எலும்பு நொறுங்குவது கரண்டிக் காம்பு வழியாக என் கைக்குத் தெரிந்தது. பிடித்திருந்தது. மறைக்க விரும்பவில்லை, அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று அடிக்க ஓங்கினேன்.

"ஆன்ட்டி! போதும்! கீழ போடுங்க அத!"

ஆம்புலன்ஸ் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். கரண்டி விழுந்தது. மறு நிமிஷம் என் வேலைக்காரப் பெண்ணைத் தரையில் சாய்த்து, வெந்த கையில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, நெற்றியில் துணியை வைத்து அழுத்தினாள். "அக்கா, என்னப் பாருங்க. கண்ண மூடாதீங்க. இங்கதான் இருக்கேன்." அடுத்த ஆம்புலன்ஸும் போலீசும் வந்துகொண்டிருந்தன. அவை வந்து, அவளைத் தள்ளுபடுக்கையில் ஏற்றி அனுப்பியதும், இவள் அவனிடம் போய் உட்கார்ந்து மூக்கைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவனுக்கு எதுக்குடி கட்டுப் போடுற?" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கத்தினேன்.

அவள் நிமிரவில்லை. "ரத்தம் வருது ஆன்ட்டி. என் வேல லா இது. வாய மூடுங்க, உங்களுக்கும் பாக்கணும்."

அன்று மாலையே படத்தைக் கழற்றிக் கிழித்தேன். பலகையையும் பெயர்த்து எடுத்தேன். பிடிபட்ட ஆளை அடித்ததற்காகப் போலீசார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு கடுமையாக எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அவன் மேல் வழக்குப் பதிவானது. அவளை ஒரு சமூக ஊழியர் பொறுப்பெடுத்துப் பெண்கள் காப்பகத்தில் சேர்த்தார். பாஸுக்கும் அவரே எழுதிப் போட்டு நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். அவள் என் கடைக்குத் திரும்பி வரவில்லை. போனில் கூப்பிட்டால் எடுக்கவுமில்லை. ஆம்புலன்ஸ் ஜோடி மட்டும் வந்துகொண்டிருந்தது. பலகை இல்லை என்று அவர்கள் தயங்கி நின்ற நாளில், பேசாமல் இலையைப் போட்டேன், உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி கால் இடறித் தோசைக்கல்லில் கை வைத்துவிட்டாள், கடைக்காரிதான் வெறி பிடித்து அடித்தாள் என்று சொன்னான். விசாரணை நடந்தது. சாட்சிக் கூண்டில் நின்றேன். தமிழில் சொல்கிறேன் என்றேன்; மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

அவன் தரப்பு வழக்கறிஞர் அமைதியாகக் கேட்டார். எட்டு மாதமாக அந்தப் பெண் உடம்பில் காயங்களைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அதே எட்டு மாதமும் என் கட்சிக்காரருக்கு வாராவாரம் இலவசமாகச் சாப்பாடு போட்டிருக்கிறீர்கள். அவரோடு நின்று படம் எடுத்துக் கடையில் மாட்டியிருக்கிறீர்கள். மனைவியை அடிக்கிறவர் என்று தெரிந்திருந்தால் யாராவது இப்படிச் செய்வார்களா? நீங்கள் எந்தக் காயத்தையும் பார்க்கவில்லை. இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பொய் சொல்கிறீர்கள். அப்படித்தானே?

தன் சாட்சியை முன்னமே சொல்லி முடித்துவிட்டு அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் கட்டு. நான் எதைப் பார்த்தேன், எப்போது பார்த்தேன் என்று அவளுக்கு முன்னால் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"பார்த்தேன் ஐயா" என்றேன். "முதல் வாரத்துலேயே பார்த்தேன். அவர்தான் அடிக்கிறார்னு தெரியும். பார்த்துக்கிட்டேதான் சாப்பாடு போட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். வழக்கறிஞர் அதற்குமேல் அந்தக் கேள்வியைத் தொடரவில்லை. சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவன் சிறைக்குப் போனான், வேலையும் போனது.

சாட்சி சொன்ன அன்று மதியம் நீதிமன்றப் படியில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். மன்னிச்சிடும்மா என்று ஆரம்பித்தேன்.

"இப்ப வேணாம்க்கா. பசிக்குது."

சைனாடவுன் பக்கம் நடந்து ஓர் உணவங்காடிக்குள் போனோம். மீன் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து எதிரெதிரே உட்கார்ந்தோம். வலது கையால் கரண்டியை அவளால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஊட்டிவிடட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மெதுவாக, ஒரு சொட்டுச் சூப் கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"ஒவ்வொரு புதன்கிழமையும் நெனப்பேன்" என்றாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "இன்னைக்கு அக்கா அவர வெளிய போங்கன்னு சொல்லுவாங்கன்னு. உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். நீங்க 'வாங்க தம்பி'ன்னு சொல்லுவீங்க."

பூன் லேயில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை சொல்லியிருக்கிறார்கள், கை ஆறியதும் போகவேண்டும் என்றாள். காப்பகம் எங்கே என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாதாம். எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் பேருந்தில் ஏறினாள் என்று நான் பார்க்கவில்லை.