பிள்ளைக் காம்பராவில் திரிந்த பால்

நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாத பால்மாவைப் பற்றி வந்த கடிதத்தை மூன்று நாள் மறைத்தேன். பேய், சாமியாட்டம் எதையும் நம்பாதவன் நான். பதுளையில் படித்து, நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவன். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

எண்பத்தாறாம் வருஷம். சோவியத் நாட்டில் அணுமின் உலை வெடித்திருந்தது. பரிசோதனைக்காகப் பாதுகாப்பு ஏற்பாடுகளை நிறுத்தினார்களாம், வெடித்த பிறகும் பக்கத்துச் சனங்களிடம் உடனே சொல்லவில்லையாம். பத்திரிகையில் படித்துவிட்டு அவர்களை வாயாரத் திட்டினேன். சில மாதம் கழித்து, ஐரோப்பியப் பால்மாவில் அந்த உலையின் கதிர்வீச்சு நஞ்சு இருக்கலாம், இன்னின்ன டின்களைக் கொடுக்காதீர்கள் என்று சுகாதார இலாகாவிலிருந்து எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது.

திருவிழா நாடகத்தில் எனக்கு ராஜா வேஷம். நாளைக்குச் சொல்லலாம் என்று, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே வசனம் எழுதிக்கொண்டேன். மறுநாள், "நேற்றே ஏன் சொல்லவில்லை?" என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்பாரே என்ற பயம். மூன்றாம் நாள் காலை மனம் தாங்காமல், கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் காம்பராவுக்கு ஓடினேன்.

"ராசா வாறாரு, எந்திரிங்கடி!" என்றாள் ஆயா பாக்கியம். பிள்ளைகள் வாயெல்லாம் ரொட்டி.

"பால் குடுத்தியா?"

"எங்கிட்டுக் குடுக்க? மூணு நாளா கலக்குன ஒடனே திரிஞ்சு போகுதுங்க. கொட்டிட்டு வெறும் தேத்தண்ணிதான். இதுகளுக்கு அதுவே கொண்டாட்டம்."

பால்மா எங்கேயாவது திரியுமா? அதே டின், அதே தண்ணீர், அதே சட்டி. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கலக்கினேன். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைப் பால். அதைத் தூக்கிக்கொண்டு காம்பரா வாசற்படியைத் தாண்டினேன். என் கையிலேயே, என் கண்ணெதிரே திரிந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

மறுநாள் விடியலில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், அத்தனை தாய்மார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். கூட்டத்தில் ஒருத்தி, "ஐயாவுக்கு ராசா வேசம் வேணாம், கள்ளன் வேசம் குடுங்க!" என்றாள். பெரட்டே சிரித்தது. கள்ளனாகத்தான் ஆடினேன், அவ்வளவு கைதட்டல் எந்த ராஜாவுக்கும் கிடைத்ததில்லை.

அந்த டின்களை என் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை பிள்ளைகளின் பாலை நானே கலக்கி, நானே வாசற்படி தாண்டிக் கொண்டுபோனேன். ஒரு நாளும் திரியவில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அது மூன்றாம் வருஷம். புது டின். கடிதம் எதுவும் வரவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கொட்டிவிட்டேன்.

அந்த டின்னில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.