படப்பைப் பருத்திப் பண்ணைக்கு ஒரு பை மாவுப்பூச்சியுடன்

படப்பையைத் தாண்டியுள்ள பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் நான் சண்டை போட்டதாகவும், வாசலோடு விரட்டப்பட்டதாகவும் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் காலனியில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். வாசலில் நின்று கத்தும் வழக்கம் எனக்கில்லை. அவர்கள் உள்ளே விடாதது என் பையை மட்டும்தான்.

போன காரணம் இது. என் வீட்டு முன்புறம் ஒரு பருத்திச் செடி நிற்கிறது. விளக்குத் திரிக்கு அதன் பஞ்சுதான்; கார்த்திகைக்கு அக்கம்பக்கத்துக்கும் தருவேன். இந்த மாதம் தண்டெல்லாம் வெள்ளை மாவுப்பூச்சி. அடுத்த வீடுகளின் செம்பருத்திக்கும் பரவிவிட்டது. பூஜைக்குப் பூ இல்லாமல் போனவர்களின் வருத்தம் நியாயமானதே. ஆனால் வரும் ஞாயிறு என் செடியை வெட்டிவிட்டு, தெரு முழுக்க மருந்து அடிப்பதாகக் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்துவிட்டது. விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டு வெட்டலாமே என்று, பூச்சி பிடித்த ஒரு கிளையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

காலை எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் கிழக்குத் தாம்பரம், இருபது ரூபாய். ரயில் நிலைய மேம்பாலம் ஏறி மேற்கே இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். படப்பைக்குச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ, நூற்றிருபது ரூபாய்.

“பையில இன்னா கீது பெரிம்மா?” என்றார் ஓட்டுநர்.

“பூச்சி.”

“அய்ய! காசு குடுத்து பூச்சிய ஊர்கோலம் இட்டுனு போறியா? காலாண்ட வை, சீட்ல ஏறிடப் போவுது.”

பண்ணை வாசலில் காவலர், “நீங்க வாங்கம்மா, பை வரக்கூடாது” என்றார். அதைக் காட்டத்தானே வந்திருக்கிறேன்? அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் ஓர் இளம் பெண் ஆராய்ச்சியாளர் வெளியே வந்தார். அங்கே பல வரிசைப் பருத்திக்கு மருந்தே தெளிக்காமல், எந்தப் பூச்சியை எது அழிக்கிறது என்று கவனிக்கிறார்களாம். வெளிப்பூச்சி நுழைந்தால் சோதனை பாழ். திறந்த துணிப்பையில் கொண்டுபோனது என் பிழைதான். அவர்களுடைய கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பையிலிருந்த கிளையைப் பார்த்துவிட்டு லென்சை என் கையில் கொடுத்தார். “வெள்ளைக்கு நடுவுல பிரவுனா, உருண்டையா இருக்கு பாருங்க மேடம். அது செத்த மாவுப்பூச்சி. உள்ள ஒரு குட்டிக் குளவி வளருது.”

“கொட்டுமா?”

“எறும்பவிடச் சின்னது, மனுஷங்கள ஒண்ணும் பண்ணாது. வெளிய வந்து மத்த மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கும். இப்ப மருந்து அடிச்சா மொதல்ல சாகறது அதுதான். செடிய வெட்டினா அது வளர்ற எடமே போச்சு. மூணு வாரம் பொறுத்துப் பாருங்க மேடம்.”

பொறுத்துப் பார்ப்பதையே வேலையாகச் செய்பவர்களை அன்றுதான் சந்தித்தேன். வேலிக்கு உள்ளே வெயிலில் குனிந்து இலை இலையாகப் புரட்டுகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் ஓர் இலையைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

போகிறவர்கள் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சி பிடித்த கிளையை மூடியுள்ள பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் கடை இல்லை, தண்ணீர் அவசியம். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள்.

சங்கச் செயலாளர் அவர்களுக்கு: நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மூன்று வாரம் அரிவாளும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அதற்குள் செம்பருத்திகள் தேறாவிட்டால் என் செடியை நானே வெட்டிவிடுகிறேன். சம்மதமா, இல்லையா என்பதைச் சனிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.