முகிலைத் திருப்பி எடுத்துவர ஒரு கூடையோடு திண்டிவனம் போனேன்

இந்தப் பதிவில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நான் பொறாமைப்பட்ட இடங்களையும் விடப்போவதில்லை. அவற்றை எடுத்துவிட்டால் பஸ் நேரம் மட்டும்தான் மிஞ்சும்.

போன வருஷம் முழு ஆண்டுத் தேர்வு சமயத்தில், விழுப்புரத்தில் எங்கள் தெருமுனை ஜூஸ் கடைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டியைக் கண்டெடுத்தேன். இரண்டு கண்களும் சீழ் பிடித்து ஒட்டியிருந்தன. கண்களை எடுத்தால்தான் பிழைக்கும் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். எடுத்தார்கள். முகில் என்று பெயர் வைத்ததும், இங்க் ஃபில்லரால் பால் புகட்டியதும் நான்தான். ஆனால் வாடகை வீட்டில் பூனை கூடாது என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டதால், திண்டிவனத்திலிருக்கும் சித்தி மகள் ஜெனி அவனைக் கொண்டுபோனாள். நாங்கள் வேறு வீடு போனதும் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. போன மாதம் வீடு மாறினோம். இந்தச் சனிக்கிழமை, மூடி வைத்த பிளாஸ்டிக் கூடையோடு கிளம்பினேன்.

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் காலை 9.20க்குச் சென்னை பஸ். ஏறும்முன் திண்டிவனம் ஊருக்குள் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பஸ்கள் பைபாஸிலேயே இறக்கிவிடும். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். காலிக் கூடையை நான் மடியில் அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த கண்டக்டர் உள்ளே இன்னா என்று விசாரித்தார். இப்போது ஒன்றுமில்லை, வரும்போது பூனை இருக்கும் என்றேன். "அது கத்திக்கினே வந்தா டிரைவரு இறக்கி வுட்ருவாரு. பூனைய இல்ல, உன்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

10.30க்குத் திண்டிவனம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

வாசலில் நின்று "முகில்" என்று கூப்பிட்டேன். ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தவன் காதைக்கூடத் திருப்பவில்லை. ஜெனி டம்ளரில் விரலால் ஒரு தட்டு தட்டி, "பன்னு" என்றாள். திண்டிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து தரை. நேராக அவள் காலுக்கு வந்து நின்றான். என் முகிலுக்குப் பன்னு என்று பெயர். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வீட்டில் எதையும் இடம் மாற்றுவதில்லை. செருப்புகள் கதவுக்கு இடப்புறம். நாற்காலியை இழுத்தால் அதே இடத்தில் திரும்பப் போட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஈரத் துண்டைக் கட்டிலில் எறிகிற ஜெனிதான் இதற்கெல்லாம் காவல். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் மூட்டை தூக்கும் சித்தப்பா, சாப்பிட வரும்போது வாசலில் இரண்டு முறை குதிகாலைத் தட்டுகிறார். அதற்கு முன்பே, அவருடைய டிவிஎஸ் தெருவில் திரும்பும் சத்தம் எங்கள் யார் காதிலும் விழாதபோதே, பூனை கதவருகே போய் நிற்கிறது. பல்லியைச் சத்தத்தை வைத்தே பிடிக்கிறது. கண் இல்லாததைப் பற்றி அதற்குக் கவலை இருப்பதாகவே தெரியவில்லை. கொஞ்சமாவது தடுமாறினால் நான் ஓடிப்போய்த் தூக்கலாமே என்று காத்திருந்தேன். அது தடுமாறவில்லை.

ஒரே ஒரு தடவை முட்டிக்கொண்டது. என் கூடையில்தான்.

"நடுவுல வெச்சிக்கினியேக்கா" என்றாள் ஜெனி. அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. பூனை ஒரு அடி பின்வாங்கிக் கூடையை மோந்து பார்த்து, சுற்றிக்கொண்டு போனது. அடுத்த முறை முட்டவே இல்லை. சாயங்காலம் நான் கையை நீட்டினேன். கையையும் அப்படியே மோந்து பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனி, பூனை படுக்கும் பழைய துண்டை எடுத்துவந்து என் கூடைக்குள் விரித்தாள். வாசனை இருந்தால் பஸ்ஸில் பயப்படமாட்டானாம். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். பூனை நேராகப் போய்க் கூடைக்குள் சுருண்டுகொண்டது. மூடியை வைத்தால் முடிந்தது, காலையில் கிளம்பிவிடலாம். ஜெனி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொடுத்த வார்த்தைக்காக ஒரு சொல்கூடத் தடுத்துப் பேசவில்லை.

அவன் அந்தத் துண்டை நம்பித்தான் உள்ளே போனான். என்னை நம்பி இல்லை. மூடியை எடுத்துப் பரண்மேல் போட்டேன்.

"கூடை இங்கயே இருக்கட்டும் ஜெனி. சுவரோரமா வெச்சிக்கோ. அப்புறம் நகர்த்தாத."

அவள் திரும்பவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"முகில்னாவது கூப்புடுவியா?"

"பன்னுன்னாதான்க்கா வரான்."

உங்களில் யாராவது கண்ணில்லாத பூனை இருக்கும் வீட்டுக்குப் போனால், பையைத் தரையில் வைக்காதீர்கள். உள்ளே நுழையும்போது காலைத் தட்டுங்கள். நீங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். எனக்குத் திரும்பும் பஸ் காலை ஆறரைக்கு. புது வீட்டில் ஜன்னல் திண்டு இதைவிடப் பெரியது என்பதையும் உண்மைக்காக எழுதிவைக்கிறேன். பொறாமை இன்னும் போகவில்லை.

சித்தி விளக்கை அணைத்துவிட்டார். தண்ணீர் குடிக்க எழுந்து நாற்காலியில் காலை இடித்துக்கொண்டேன். பக்கத்தில் பன்னு எதையும் இடிக்காமல் நடந்து போகிறான்.