ஃபைனலில் கிலோ சார்லி

பாதியை நம்புகிறேன், மீதியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசுகிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். இதில் தள்ளுபடி கிடையாது. போன வருஷம் மாசி மாதம், நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே உள்ள ஒரு தனியார் ஓடுபாதையில் அர்ஃபாவுக்கு நடந்தது. பேரைக் கேட்காதீர்கள், அங்கே இன்னும் பிள்ளைகள் விமானம் ஓட்டப் படிக்கிறார்கள். நேரங்கள் எல்லாம் அவள் முழங்காலில் கட்டியிருந்த அட்டையில் அந்தந்த நிமிஷமே பென்சிலால் குறித்தவை.

அர்ஃபா சேலம் அம்மாபேட்டைக்காரி. அவளுடைய அத்தா கரீம் பாஷா ஜவுளி மொத்த வியாபாரி. வேட்டி ஒரு கட்டுக்கு ஒன்பது முறை விலை பேசுகிற மனிதர், மகள் விமானி ஆகிறேன் என்றபோது ஒரே பேச்சில் சரி என்றுவிட்டார். அன்று அவள் தன்னந்தனியாக ஓட்ட வேண்டிய கடைசி நீண்ட பயணம். கொல்லிமலைப் பக்கம் மேகத்தைச் சுற்றி வந்ததில் அரை மணி நேரம் போய்விட்டது. சூரியன் மறைவது 6.22. ஓடுபாதையில் விளக்கு கிடையாது. இருட்டில் இறங்க அவளுக்குப் பயிற்சியும் கிடையாது. வேறு நிலையம் தேடிப் போனால் இருட்டு முந்திக்கொள்ளும். இங்கேதான் இறங்கியாக வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே.

இந்த மாதிரி இடத்தில் ‘இறங்கு’, ‘பொறு’ என்று சொல்ல டவர் இருக்காது. விமானியே ரேடியோவில் சொல்லிக்கொள்ள வேண்டும். பத்து மைலில் இருக்கிறேன். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் பறக்கிறேன். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பிவிட்டேன். அந்தக் கடைசி நீட்டத்துக்குப் பெயர் ஃபைனல். இறங்கி ஓரம் போனதும், விலகிவிட்டேன். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். முன்னால் போகிறவர் ‘விலகிவிட்டேன்’ என்று சொல்லும்வரை பின்னால் வருகிறவர் இறங்கக் கூடாது. மீறினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

மாலை 5.51. அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி வந்து, பத்து மைலில் இருக்கும்போது அர்ஃபா தன் இடத்தைச் சொன்னாள். உடனே பதில் வந்தது. ஆண் குரல். நிதானமான, படித்த பையன் ஆங்கிலம்.

“கிலோ சார்லி. ஃபைனல்.”

கிலோ சார்லி என்பது விமானத்தின் ரேடியோ பெயர். சரி, முன்னால் ஒருவர் இறங்குகிறார். நல்லது.

6.02. பக்கவாட்டில் வந்து மறுபடி சொன்னாள்.

“கிலோ சார்லி. ஃபைனல்.”

அவளுக்கு அப்போதே உறுத்தியது. ஃபைனல் என்பது அதிகம் போனால் ஒன்றரை நிமிஷம். இவன் பதினொரு நிமிஷமாக ஃபைனலில் இருக்கிறான்.

6.05. அவளும் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பினாள். கீழே தார் காலியாகக் கிடந்தது. எதிரே வானமும் காலி. ஆனால் ‘விலகிவிட்டேன்’ வரவில்லை. அவளுடைய விமானத்தின் இறக்கை தலைக்கு மேலே இருப்பது; நேர் மேலே ஒரு விமானம் உட்கார்ந்து வந்தாலும் தெரியாது. விசையைத் தள்ளி மேலே ஏறினாள். இன்னொரு சுற்று.

6.09. “கிலோ சார்லி, சரியாக எங்கே இருக்கிறீர்கள்?”

“ஃபைனல்.”

இந்த முறை அவள் குரலைக் கேட்கவில்லை. குரலுக்குப் பின்னால் கேட்டாள். யார் பேசினாலும் பின்னால் இன்ஜின் இரைச்சல் இருக்கும். இவனுக்குப் பின்னால் இரைச்சல் இல்லை. சொட்… சொட்… என்று எதுவோ ஒழுகிக்கொண்டிருந்தது.

ஹெட்செட்டோடு போனை இணைத்திருந்தாள். ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் கந்தவேலுவைக் கூப்பிட்டாள். 6.12.

“ஏனுங்க அம்மணி, மேலயே குடி போயிட்டீங்களா? டீ ஆறுதுங்க.”

“அண்ணா, ரன்வேல யாரு?”

“ஒருத்தரும் இல்லீங்க. ஆடுகூட இல்ல.”

“கிலோ சார்லின்னு ஒருத்தர் ஃபைனல்ல இருக்காரே?”

வாக்கி டாக்கியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் போனில் கேட்டது.

“வாக்கி டாக்கி என் கையிலதானுங்க இருக்குது. உங்க குரல் மட்டுந்தான் கேக்குது. நீங்க… யாருக்குங்க பதில் சொல்லிட்டிருக்கீங்க?”

6.17. இரண்டாவது முறை நேராகத் திரும்பினாள். இறங்கிவிடுவது என்றே முடிவு. ஐந்நூறு அடி. நானூறு. முந்நூறு.

“முன்னால் இறங்கியவர் விலகிவிட்டாரா?” என்றது குரல்.

காதுக்குள் அல்ல. தோளுக்குப் பின்னால்.

அவள் கை தானாகவே விசையைத் தள்ளிவிட்டது. மறுபடி மேலே.

6.22. சூரியன் போய்விட்டது.

6.25. தரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். ஓடுபாதை எது, காடு எது… தெரியவில்லை.  வாய்க்குள் ஓதிய குனூத் பிரார்த்தனை பாதியில் மறந்துபோனது.

அப்போது விளக்குகள் தெரிந்தன. நேர் கோடாக, இரண்டு வரிசை. கந்தவேலு ஏதோ ஏற்பாடு செய்துவிட்டார்! அவள் விமானத்தின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பினாள்.

நானூறு அடி. முந்நூறு.

“அது கோழிப் பண்ணைங்க.”

ஆங்கிலம் இல்லை. தமிழ்.

“ரன்வே இடது பக்கங்க. இன்னும்… இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.”

திருப்பினாள். மங்கலாக வெள்ளைக் கோடு தெரிந்தது.

“நீங்க… இறங்கலையா?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“இருட்டிருச்சுங்க. நீங்க முன்னால போங்க. நான் பொறுத்து வாரேன்.”

6.28. சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு துள்ளல். இன்னொன்று. ஓடியது.

“நம்பர் டூ. ஃபைனல்.”

பின்னால் வருகிறான்.

அவள் பிரேக்கை மிதித்து, வழி வந்ததும் ஓரம் திருப்பினாள். முழு மூச்சையும் கூட்டிச் சொன்னாள்: “ரன்வேயை விட்டு விலகிவிட்டேன்!”

“தேங்க்ஸுங்க.”

செம்மண் திடலில் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். மெயின் ஸ்விட்சையும் அணைத்தாள். ரேடியோ செத்தது.

கந்தவேலுவின் நாய் ஓடுபாதையைப் பார்த்துக் குரைத்தது.

அதன் தலை மெல்ல மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பியது. ஓடுகிற எதையோ பார்ப்பதுபோல.

நின்றது.

அப்புறம் திடலை நோக்கித் திரும்பியது.

குரைப்பை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தது…

6.33. கந்தவேலு கையிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. இந்த முறை அவருக்கும் கேட்டது.

“கிலோ சார்லி. விலகிவிட்டேன்.”

மறுநாள் காலை 7.15. பயிற்சியாளர் குமரகுரு வந்தார். அர்ஃபா எல்லாவற்றையும் சொன்னாள். பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று அதட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தமிழ்ல பேசினானா?”

“ஆமா சார். இந்தப் பக்கத்துப் பேச்சு.”

“திருச்செங்கோட்டுப் பையன். மதியழகன். எட்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கு அவனுக்கு முன்னால இறங்கினது நான்தான். இறங்கினேன், ஓரம் போனேன். விலகிட்டேன்னு சொல்லல. யாரு கேக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன். எல்லாரும் இறங்கியாச்சுன்னு நெனச்சு, கந்தவேலுகிட்ட ரேடியோ செட்டை அணைக்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.”

“அவரு?”

“சுத்திக்கிட்டே இருந்திருக்கான். இருட்டினப்புறம் ரன்வே தெரியாம, முன்னூறு மீட்டர் முன்னாடியே கரும்புக்குள்ள விழுந்துட்டான். நாங்க ஊரெல்லாம் தேடினோம். விடிஞ்சுதான் கண்டுபிடிச்சோம்.” குமரகுரு தொப்பியைப் பிசைந்தார். “விழுந்தவுடனே சாகல. மேல போன ஒரு பெரிய விமானத்துல ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒரு குரல் கேட்டிருக்கு. ஃபைனல், ஃபைனல்னு. எங்கிருந்துன்னு அவங்களுக்குத் தெரியல. அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான். ஃபைனல்லதான் கெடந்தான்.”

அர்ஃபா வாயைத் திறந்தாள். “கோழிப் பண்ணைன்னு சொன்னாரே… அது எப்போ கட்டினது?”

“மூணு வருஷம் இருக்கும்.”



“சார்!” வெளியிலிருந்து கந்தவேலு கூப்பிட்டார். “செத்த இங்க வந்து பாருங்க.”

அர்ஃபாவின் விமானத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே கிடக்கும். பனியில் நனைந்த செம்மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள் அங்கே வந்து முடிந்திருந்தன. நடுவில் முன்சக்கரத்தின் தடம் இருக்க வேண்டும். இல்லை. ஏர் உழுததுபோல ஆழமாக ஒரு கோடுதான் இருந்தது.

குமரகுரு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“விழுந்ததுல முன்சக்கரம் ஒடிஞ்சுபோச்சு.”