ஏரியூரிலிருந்து பஸ்ஸில் வந்த பெட்டி

தர்மபுரியில் ஒரு விதைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அது நான் ஒருவன்தான். கிளைகளுக்கெல்லாம் தின் கிளையன்ட் வாங்கலாம் என்று பேசிப் பேசியே மேனேஜரைக் கரைத்தவனும் நானே. டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. அதற்குள் எதுவும் தங்காது. அடிப்பதெல்லாம் எங்கள் அலுவலக சர்வருக்கு வந்துவிடும். "எங்க உக்காந்தாலும் ஒரே வேலைதாங்க" என்று ஊர் ஊராகப் போய்ப் பெருமையடித்திருக்கிறேன்.

ஏரியூர் கிளையைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் ஒரு அம்மா. கணவரும் ரெண்டாவது படிக்கும் மகளும் பொம்மிடியில். வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. பொம்மிடி கிளைக்கு மாற்றல் கேட்டபோதெல்லாம், ஏரியூருக்கு ஆளில்லை என்றே பதில். இந்த முறை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, பாதி அடித்திருக்கும்போது ரோடு தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டார்கள். போனில் அழாத குறை. "அடிச்சது பத்திரமா இருக்குங்க, பயப்படாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

மூன்று மணிக்கு அந்த அம்மா என் எதிரில் நின்றார். பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றி, ரெண்டு பஸ் மாறி, குலுங்காமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"உள்ள இருக்கறத எடுத்துக் குடுங்க சார்."

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே" என்று சிரித்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். என் நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய பாஸ்வேர்டைப் போடச் சொன்னேன். விட்ட வரி விட்ட இடத்திலேயே நின்றது.

"அப்ப நீங்க சொன்னது நெசந்தானுங்களா? பொம்மிடியில உக்காந்தாலும் ஏரியூர் வேலை வருமா?"

"வரும்ங்க."

அதையே கடைசி வரியாகச் சேர்த்தார்: ஏரியூர் வேலையைப் பொம்மிடியிலிருந்தே பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் சாரே சொல்கிறார்.

மேனேஜர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. மேனேஜர் பேனாவை மூடாமல் என் பக்கம் திரும்பினார்.

"வர்ற விவசாயிங்களுக்குப் பதில் சொல்ல ஏரியூர்ல ஒரு ஆள் வேணுமே. உங்க வேலையும் எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்களே?"

திங்கட்கிழமை ஏரியூர் பஸ் ஏறினேன். பெட்டி என் மடியில். துண்டையும் கொடுத்தனுப்பியிருந்தார் அந்த அம்மா, குலுங்காமல் கொண்டுபோகச் சொல்லி.