குப்பைத்தொட்டியில் மூன்று சிப்புகள்

உழவர்கரையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆறு வருடமாக 741 என்ற சிப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் சிப் அது. பாடம் எனக்கு மனப்பாடம், ஆனால் புரிந்ததில்லை. அதை யாரிடமும் சொன்னதுமில்லை.

ஒருநாள் லேபில் ரோசலின் என்ற மாணவியின் சர்க்யூட்டில், பத்து மடங்கு பெரிதாக வரவேண்டிய அலை, கருவியின் திரையில் மேலும் கீழும் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தது. "சிப் போச்சு" என்று கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வேறு சிப் மாட்டியும் அதே கதைதான். மூன்றாவதையும் வீசிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"மிஸ், திட்டாதீங்க. அவுட்புட்லேர்ந்து திரும்ப இன்புட்டுக்கு வர்ற ரெசிஸ்டர நான்தான் எடுத்துட்டேன். அது இல்லன்னா இன்னா ஆவும்னு பாத்தேன்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கவே இல்லியே மிஸ்."

தொட்டியிலிருந்து ஒரு சிப்பை எடுத்துச் செருகி, ரெசிஸ்டரையும் மாட்டினாள். அலை அழகாக வளைந்தது. வெளியே அனுப்பியதில் கொஞ்சம் தன்னிடமே திரும்பி வந்தால்தான் அந்தச் சிப் அளவோடு நடந்துகொள்ளும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இரண்டையும் வகுப்பே சேர்ந்து கிளறி எடுத்தது. இரண்டும் வேலை செய்தன, ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

இப்போதெல்லாம் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, போர்டை அழிக்கத் திரும்பிவிடுவதில்லை. கடைசி பெஞ்சில் ஒரு வாயாவது திறக்கும்வரை நிற்கிறேன்.