தொப்பி வைக்காத முருங்கைக் கொம்பு

இந்த ஊரில் மண்ணை வேகவைக்கிறார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். நாம் இட்லி அவிப்பது போலப் பெரிய தொட்டியில் ஆவி விட்டு, புழு பூச்சியெல்லாம் செத்த பிறகுதான் செடி நடக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் இந்தத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த முதல் வாரம், அந்த மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. ராயபுரத்து மண்ணில் மீனும் ரயில் கரியும் சேர்ந்து நாறும். அந்த நாற்றத்துக்காக ஒருநாள் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வெட்டிய கொம்புகளுக்கு வேர் வரவழைப்பது என் வேலை. செடியின் நுனிக்குருத்தில் ஊறும் ஆக்சின் என்ற சத்து தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. கிளையை வெட்டினால் வெட்டுவாயில் அது தேங்கி, அங்கே வேர் கிளம்புகிறது. அதே போன்ற சத்தைப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து வைத்திருக்கிறோம். வேரின் நுனிக்குள் கடுகிலும் சிறிய ஒரு செல் கூட்டம் உண்டு. அது முதிர்வதே இல்லை. ஒரு செல் இரண்டாகப் பிரிந்தால் ஒன்று விலகிப்போய் வேராகும், மற்றது அதே இடத்தில் குழந்தையாகவே இருந்துவிடும். எத்தனை போகலாம், எத்தனை தங்கலாம் என்பதும் இந்தச் சத்துகளின் அளவைப் பொறுத்ததுதான் என்பது எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையின் ஊகம். "எல்லாமே கிளம்பிவிட்டால் வேர் அத்தோடு முடிந்தது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனைவி ஆரோக்கியத்தை நினைத்துக்கொள்வேன். அவள் தங்கினாள், நான் கிளம்பினேன்.

எங்களுக்கு ரோசலி என்று ஒரே மகள். அவளுக்கு நான்கு வயதானபோது, ராயபுரத்தில் ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டின் முற்றத்தில் ஆரோக்கியம் ஒரு முருங்கைக் கொம்பு நட்டாள். மேல்முனை காயாமலிருக்கச் சாணி அப்புவது நம் வழக்கம்தானே. தான்தான் அப்புவேன் என்று ரோசலி அடம்பிடித்தாள். தூக்கிப் பிடித்தேன். "நைனா, தொப்பி போட்டாச்சு. இனிமே வெயிலு ஒண்ணியும் பண்ணாது" என்றாள். காய்ந்த சாணியில் அவளுடைய ஐந்து விரல்களும் பல நாள் பதிந்திருந்தன. மரம் காய்த்தபோது அவள் இல்லை. டைபாய்டு கொண்டுபோய்விட்டது. அந்த மரத்தின் கீரையை மட்டும் ஆரோக்கியம் சமைத்ததே கிடையாது.

போன வருடம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதுவாள். "வூட்டு ஓனரு குழா போடறாராம். மரத்த வேரோட எடுக்கப் போறாரு. ரெண்டு மாசம் டயம் குடுத்துகீறாரு. நீ அங்க வேரு வரவெக்கிற வேலதானே பாக்கற? இன்னா பண்ணணும்னு சொல்லு." அவள் கேட்டிருக்கவே வேண்டாம். அந்தக் கொம்பை நட்டவளே அவள்தான். மகளின் மரத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றுதான் கேட்டிருப்பாள்.

நான் பெரிய மேதாவி போல நான்கு பக்கம் எழுதினேன். விரல் தடிமனில் இளங்கொம்பு ஒன்றே போதும், அடிமுனையைப் பொடியில் தோய்த்து நடு, சாணி வைக்காதே, அதெல்லாம் அறியாமை. "ஒன்றே போதும்" என்பதற்கு அடிக்கோடு வேறு. ரோசலியின் மரமாயிற்றே என்று வீரியம் கூடிய பொடியாகப் பார்த்து அனுப்பினேன். அளவு மிஞ்சினால் அதே சத்து வேரை வரவிடாது. தினமும் நான் சோதித்துப் பார்ப்பதே அதைத்தான். முருங்கைக்குக் மணிக்கட்டுத் தடிமனில் முற்றிய கொம்பு வேண்டும், பொடியே வேண்டாம் என்பது ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பதில் வந்தது. "நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்யா. ஒரே கொம்பு. சாணி வெக்கல. இன்னாடி, மொட்டையா நிக்குதுன்னு பக்கத்து வூட்டு மேரியக்கா கேட்டாங்கோ. அவரு படிச்சவரு அக்கான்னு சொன்னேன். அடி கறுத்துப் பூட்ச்சி. மேல காஞ்சிகினே வருது. மரத்தையும் எடுத்துட்டாங்கோ. கொம்ப நான் புடுங்க மாட்டேன். நீ வந்து புடுங்கு."

ஒரு வசவு கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூட வேலை செய்யும் எட்னா என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். ஒரு மரம் என்றேன். அவள் நிம்மதியாக மூச்சுவிட்டு, "நல்லவேளை, வேறொன்று நட்டுக்கொள்ளலாம்" என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நல்ல பெண்தான். என்னிடமிருந்த ஆங்கிலம் அத்தோடு தீர்ந்துபோயிற்று.

இன்று காலை கண்ணாடிக் கூடத்தில் என் வரிசைக் கொம்புகள் அத்தனையும் வேர் பிடித்துவிட்டன. துரை முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அந்த வேகவைத்த மண்ணை நீர்விட்டுப் பிசைந்து ஒரு கொம்பின் தலையில் அப்பினேன். இது என்ன என்று எட்னா கேட்டாள். தொப்பி என்றேன், தமிழில். மண் உதிராமல் நின்றது. அதில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. என் விரல்கள். தொப்பியில்லாமல் மொட்டையாகக் காய்ந்த அந்தக் கொம்பின் அருகில், ராயபுரத்தில், இருந்திருக்க வேண்டிய விரல்கள்.